நடுக்கமும் உறக்கமும்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் முதலில் அவருடைய படத்தைப் போடுவது வழக்கம். அகன்ற நெற்றி, அருள் பொழியும் கண்கள் என்று படத்தைப் பார்த்தே இரண்டு பத்தி எழுதிவிடலாம். நான் எடுத்துக்கொண்ட பெரியவர் விஷயத்தில் எனக்கு அந்த வசதி இல்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று காட்டும் நம்பத்தகுந்த படம் ஒன்றுகூட இன்று கிடையாது. தாடி வளர்த்த ஒருவரின் புகைப்படம் அவர் பெயரால் பல நூல்களில் அச்சாகியிருக்கிறது. அது அதே பெயர் கொண்ட வேறொருவர். நம்மவர் மறைந்தது 1824-ல். புகைப்படக் கலை அப்போது தொட்டிலில்கூட வந்து சேரவில்லை.

அவர் பெயர் ஜேம்ஸ் பார்க்கின்சன். பெயரைச் சொன்னதும் நண்பர்கள் பலர் நோயைத்தான் நினைப்பீர்கள். நம் ஊரில் நடுக்குவாதம் என்று சொல்கிறோமே, அந்த நோய். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-ல் உலகெங்கும் 85 லட்சம் பேருக்கு மேல் இந்நோயோடு வாழ்ந்தார்கள். அத்தனை பேருடைய மருத்துவச் சீட்டிலும் அவர் பெயர் எழுதப்படுகிறது. ஆயினும் அவர் யார், எந்தத் தெருவில் நடந்தார், எதைக் கண்டார் என்று கேட்டால் விடை சொல்வார் சிலரே. அந்தக் குறையை நம் மன்றத்தின் ஆண்டு மலரிலாவது போக்கலாம் என்று எண்ணினேன்.

எனக்கு ஏன் இவர்மேல் இத்தனை பற்று என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம், என் படிப்பு. வியாபாரமில்லாத கடைக்காரரை ஈ ஓட்டுகிறார் என்று நம்மவர் சொல்வார்கள். நான் அந்த வேலைக்கே உதவித்தொகை வாங்குகிறேன். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈக்களைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அவை எப்போது உறங்குகின்றன, எப்போது விழிக்கின்றன என்று கணக்கெடுப்பது என் ஆய்வு. விடுதியில் நண்பர்கள் போர்வைக்குள் சுருண்டிருக்கும் இந்த வடநாட்டுக் குளிரில், என் ஈக்கள் 25 டிகிரிச் சூட்டில் சுகமாக இருக்கின்றன. நான்தான் நடுங்கிக்கொண்டே அவற்றின் உறக்கத்துக்குக் காவல் இருக்கிறேன்.

இரண்டாவது காரணம், என் தாத்தா. தாமிரவருணிக் கரையில் ஒரு சிற்றூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்கும். வாழ்நாளில் எவரையும் கை நீட்டி அடித்தறியாதவர். அப்படிப்பட்டவர் அறுபது வயதுக்குமேல் இரவில் கூச்சலிடத் தொடங்கினார். உறக்கத்தில் காலால் உதைப்பார், கையை வீசுவார், யாரையோ விரட்டுவதுபோல் எழுந்து விழுவார். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது என்பார். ஓர் இரவு அவர் வீசிய கை ஆச்சியின் கன்னத்தில் பட்டு வீங்கிவிட்டது. அன்றுமுதல் ஆச்சி தன் பாயை அடுக்களைக்கு மாற்றிக்கொண்டார். வேப்பிலை செருகினார்கள், திருநீறு மந்திரித்தார்கள், தாயத்தும் கட்டினார்கள். வைத்தியரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. உறக்கத்தில் உளறுவதற்கெல்லாமா வைத்தியம்?

ஏழெட்டு ஆண்டு கழித்து முத்துப் போன்ற அந்தக் கையெழுத்து சுருங்கி எறும்பு ஊர்வதுபோல் ஆயிற்று. பிறகு வலது கை நடுங்கியது. பட்டணத்து மருத்துவர் பார்த்தவுடனே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். பார்க்கின்சன் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த மனிதரை நான் தேடத் தொடங்கியது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

ஹாக்ஸ்டன் பிள்ளை

இலண்டன் மாநகரின் சுவருக்கு வடகிழக்கே ஷோர்டிச் என்ற வட்டாரம். அதற்குள் ஹாக்ஸ்டன் என்ற பேட்டை. அங்கே சதுக்கத்தின் முதல் எண் வீட்டில் 1755 ஏப்ரல் 11-ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். தந்தை ஜான் பார்க்கின்சன் மருந்து கலந்து கொடுப்பவர், அறுவை மருத்துவமும் செய்பவர். அந்நாளில் ஏழை எளியவர்க்கு மருத்துவர் என்றால் இத்தகையோர்தாம். பட்டம் பெற்ற பெரிய மருத்துவர்கள் செல்வர் வீட்டு வாசலில் வண்டி நிறுத்துவார்கள். இவர்கள் சேற்றுத் தெருவில் நடந்து போவார்கள்.

ஜேம்ஸ் தந்தையிடமே தொழில் பயின்றார். 1776-ல் இலண்டன் மருத்துவமனையில் சில மாதம் மாணவராக இருந்தார். அடுத்த ஆண்டு, தூக்கிட்டுக்கொண்ட ஒருவரை உயிர்ப்பித்ததற்காக அவருக்கு உயிர்காப்புச் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. 1783-ல் மேரி டேல் என்ற பெண்ணை மணந்தார். 1784-ல் தந்தை இறந்தார். அதே ஆண்டில் அறுவை மருத்துவராக அனுமதி பெற்ற மகன், தந்தை விட்ட இடத்தில் தொடர்ந்தார். அவருக்குத் திருமுழுக்கு நடந்த கோயிலும், திருமணம் நடந்த கோயிலும், முடிவில் அவரைப் புதைத்த கோயிலும் ஒன்றே: ஷோர்டிச் புனித லியோனார்டு கோயில். ஒரே பேட்டையில் ஒரு வாழ்நாள் முழுவதும்! ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் ஒரே தெருவை நாற்பது ஆண்டு பார்ப்பவனுக்குத்தான், அத்தெருவில் நடப்பவரின் நடை மாறுவது தெரியும்.

மாணவராகிய நமக்கு இன்னொரு செய்தி. 1785-ல், முப்பது வயதில், பார்க்கின்சன் ஜான் ஹன்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் மாலை நேரச் சொற்பொழிவுகளுக்குப் போய் உட்கார்ந்தார். மனைவியும் தொழிலும் உள்ள மனிதர் மீண்டும் மாணவரானார். கேட்டதையெல்லாம் சுருக்கெழுத்தில் பதிந்துகொண்டார். அந்தக் குறிப்புகளை அவர் மறைந்த பின், 1833-ல், அவர் மகன் நூலாக வெளியிட்டார். மருத்துவம் படிப்போர் சுருக்கெழுத்தும் கற்கவேண்டும் என்பது பார்க்கின்சனின் கட்சி. கண்டதை அப்பொழுதே எழுது. பிறகு எழுதலாம் என்று விட்டது பிறகு இராது. இந்தப் பழக்கத்தின் பயனை முப்பதாண்டு கழித்து உலகம் கண்டது.

கிழவர் ஹியூபர்ட்

பகலில் மருந்துப் பெட்டி சுமந்த கை இரவில் வேறொரு தொழில் செய்தது. பிரெஞ்சுப் புரட்சி மூண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் ஏழைகளுக்கு வாக்குரிமை கிடையாது. எட்மண்ட் பர்க் என்னும் அரசியல் அறிஞர் பாமர மக்களைப் பன்றிக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எழுதிவிட்டார். அதற்குப் பதிலாக 1793-ல் ஒரு துண்டு நூல் வந்தது. பன்றிகளின் முன் பர்க் எறிந்த முத்துகள் என்று அதற்கு எள்ளல் தலைப்பு. எழுதியவர் பெயர் கிழவர் ஹியூபர்ட் என்றிருந்தது. அந்தக் கிழவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. உண்மைப் பெயர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

ஆண்மக்கள் அனைவருக்கும் வாக்குரிமை கேட்ட இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்திலும் அவர் உறுப்பினர். 1794-ல் அச்சங்கத்தார் சிலர்மேல் ஒரு பெரும் பழி விழுந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜை நாடகக் கொட்டகையில் காற்றுத் துப்பாக்கியால் நச்சு அம்பு எய்து கொல்லச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதைப் பற்றி விசாரிக்க அக்டோபர் மாதம் அரசரின் ஆலோசனை மன்றம் பார்க்கின்சனை அழைத்தது. தலைமை அமைச்சர் பிட் முன்னிலையில் அவர் நின்றார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உறுதியாகக் கேட்டுக்கொண்டு, அதன் பின்னரே வாய் திறந்தார். அவர்மேல் வழக்கு வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களும் 1796-ல் விடுதலை பெற்றனர்.

அதன்பின் அவர் அரசியல் எழுத்தைக் குறைத்துக்கொண்டார். ஏழை மக்களுக்கான மருத்துவ அறிவுரை நூல்கள், மாணவருக்கு வேதியியல் கைந்நூல், தன்னையும் தன் தந்தையையும் வாட்டிய கீல்வாதத்தைப் பற்றி 1805-ல் ஒரு நூல் என்று பேனா வேறு பக்கம் திரும்பியது. பன்றிக் கூட்டம் என்று இகழப்பட்டவர்களின் பக்கம் நின்ற மனம் மட்டும் திரும்பவில்லை.

கல்லில் கண்ட உலகம்

அவர் காலத்தில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது நோய் அன்று, கல். பூமிக்குள் கல்லாகிப் போன சங்கும் மீனும் மரமும் அவரை மயக்கின. முன்னொரு காலத்து உலகின் எச்சங்களைப் பற்றி 1804, 1808, 1811 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருந்தொகுதிகள் எழுதினார். 1807 நவம்பரில் இலண்டனில் ஒரு விடுதியில் கூடி நிலவியல் சங்கத்தைத் தொடங்கிய சிலருள் அவரும் ஒருவர். சுருள் சங்கு போன்ற ஒரு தொல்லுயிருக்குப் பார்க்கின்சோனியா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அரச அறுவை மருத்துவக் கல்லூரி தன் முதல் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அதுவும் இந்தக் கல் ஆராய்ச்சிக்காகவே.

அவர் பிழையே செய்யாதவர் என்று சொல்ல நான் வரவில்லை. ஹாக்ஸ்டனில் மனநோயாளர் இல்லம் ஒன்றுக்கு அவர் மருத்துவராக இருந்தார். ஒரு பெண்மணியைச் சரியாக ஆராயாமல் மனநோயாளி என்று சான்றளித்துவிட்டார் என்று 1810-ல் அவர்மேல் பழி எழுந்தது. அடுத்த ஆண்டே தன் நிலையை விளக்கி அத்தகைய இல்லங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவசரமாகப் பார்ப்பதன் விலை என்ன என்பதை அவர் அறிந்திருக்கவேண்டும். ஏனெனில் அதன்பின் அவர் எழுதிய சிறு நூல் ஒன்று, பொறுமையாகப் பார்த்தலுக்கு ஓர் இலக்கணமாக நிற்கிறது.

அறுபத்தாறு பக்கம்

அந்நூல் 1817-ல் வந்தது. நடுக்கத்தோடு கூடிய வாதத்தைப் பற்றிய கட்டுரை என்பது அதன் பொருள். மொத்தம் 66 பக்கம். ஆசிரியருக்கு வயது 62.

அதில் வருவோர் அறுவர், ஆறு பேரே. ஒருவர் தோட்ட வேலை செய்தவர். இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் மாலுமி. ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி, பேசவும் வாய்க்கவில்லை. இன்றைய ஆய்வு மன்றங்களில் ஆறு பேரை வைத்து ஒரு நோய் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதுவரை தனித்தனியாகத் தெரிந்தவற்றை அவர் ஒரே கயிற்றில் கோத்தார். ஓய்ந்திருக்கும் கை நடுங்குவது, உடல் முன்னோக்கி வளைவது, நடை தானே ஓட்டமாகிவிடுவது: இவை மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று கண்டார். ஒருவர் நடக்கத் தொடங்குமுன் பணியாள் அவர் தோளிரண்டையும் பற்றி முன்னால் நிற்பானாம். அவர் முன்னும் பின்னும் ஆடி நிலைகொண்டு குரல் கொடுத்ததும் பணியாள் விலகி முன்னே ஓடுவானாம், இருபது அடி தள்ளி அவர் விழாமல் ஏந்திக்கொள்வதற்கு. இத்தகைய காட்சி எத்தனையோ பேர் கண்முன் நடந்திருக்கும். எழுதி வைத்தவர் இவர்.

நான் சொல்ல வந்தது அடுத்த செய்தி. அந்த 66 பக்கத்துக்குள் உறக்கத்துக்கும் இடம் கொடுத்தார் பார்க்கின்சன். நோய் முற்ற முற்ற உறக்கம் கெடுகிறது என்றார். உறங்கும்போதே நடுக்கம் எழுந்து, வளர்ந்து, நோயாளியைத் திடுக்கிட்டு விழிக்கச் செய்கிறது என்றார். களைத்த உடல் சிறிது நேரம் கண்ணயரும்போது கட்டிலின் திரைச்சீலை மட்டுமன்றித் தரையும் சன்னல் சட்டங்களும்கூட அதிரும் என்று எழுதினார். முடிவு நெருங்குகையில் ஓயாத தூக்கக் கலக்கம் வரும் என்பதையும் குறித்தார். நோயாளியின் வீட்டில் இரவுப்பொழுதைக் கழித்தவரின் துயரம் இந்த வரிகளில் இருக்கிறது. மனைவியோ மகளோ சொல்லக் கேட்டாரோ, தாமே இருந்து கண்டாரோ, இரவும் நோயின் ஒரு பகுதி என்று அவர் எண்ணியது பெரிது.

அவர் பிணத்தை அறுத்துப் பார்க்க வாய்ப்பில்லாதவர். கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதியில் நோய் இருக்கலாம் என்று ஊகித்தார்; கழுத்தில் குருதி எடுக்கலாம் என்று வைத்தியமும் சொன்னார். இரண்டும் சரியன்று. ஆயினும் தாம் சொல்வது ஊகமே என்பதை முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு, உடற்கூறு வல்லார் இதை ஆராயவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தம் பெயருக்கு வரும் குறையைவிட நோயாளிக்கு வரக்கூடிய நன்மை அவருக்குப் பெரிதாகப் பட்டது.

1824 டிசம்பர் 21-ஆம் நாள் பக்கவாதத்தால் அவர் உயிர் பிரிந்தது.

மறந்ததும் நினைத்ததும்

நூலை ஊரார் மறந்தனர். 1870-களில் பாரிசில் ஷார்க்கோ என்னும் நரம்பு மருத்துவ மேதை அதன் அருமையை உணர்ந்து, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். 1912-ல் லெவி என்பவர் நோயுற்ற நரம்பணுக்களுக்குள் உருண்டைத் திரள்களைக் கண்டார். நடுமூளையில் கருமை படர்ந்த ஒரு சிறு பகுதியே அழிகிறது என்று 1919-ல் திரெத்தியாகோஃப் காட்டினார். அங்கே டோபமின் என்னும் பொருள் வற்றிவிடுகிறது என்பது 1960-ல் தெரிந்தது. உடலுக்குள் டோபமினாக மாறும் லெவோடோபா மருந்து அதன்பின் வந்தது. பல கைகளின் இறுக்கம் தளர்ந்தது.

ஆனால் உறக்கம்? அது அப்படியே கிடந்தது. கை நடுக்கம் பகலில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்; உறக்கத்தின் கேடு இருட்டில் மனைவிக்கு மட்டுமே தெரியும். பார்க்கின்சன் நூல் வந்து 169 ஆண்டு கழித்து, 1986-ல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு கோளாற்றை விளக்கினார்கள். நாம் கனவு காணும்போது மூளையின் அடித்தண்டு நம் தசைகளைக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடினாலும் கால் அசையாதது அதனால்தான். சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கனவில் திருடனை அடித்தால் கை உண்மையாகவே வீசும். அத்தகைய 29 ஆடவரைத் தொடர்ந்து பார்த்ததில் 38 விழுக்காட்டினருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது என்று 1996-ல் அவர்களே அறிவித்தார்கள். இன்னும் பல ஆண்டு பொறுத்துப் பார்த்தபோது ஐந்தில் நான்கு பங்கினர் அந்நோய்க்கோ அதன் உறவான நோய்க்கோ ஆளாகியிருந்தனர். நோய் மூளையின் அடித்தண்டில் தொடங்கி மேலே ஏறுகிறது என்று 2003-ல் பிராக் என்னும் உடற்கூற்று அறிஞர் சொன்ன கருத்தும் இதோடு பொருந்துகிறது. உறக்கத்தைக் காக்கும் பகுதி முதலில். கையை ஆளும் பகுதி பிறகு.

பார்க்கின்சன் முடிவில் கண்டதை இவர்கள் தொடக்கத்திலேயே கண்டார்கள். உறக்கத்தில் கத்துவோரெல்லாம் இந்நோயாளர் அல்லர், அதையும் சொல்லிவிடவேண்டும். அச்சத்தாலும் மருந்தாலும் மூச்சுத் திணறலாலும் உறக்கம் கெடலாம். மருத்துவர் பார்த்துத்தான் சொல்லமுடியும். சொன்னால்தானே அவர் பார்ப்பார்?

ஈ சொல்லும் செய்தி

இனி என் ஈக்களுக்கு வருகிறேன். மனிதனுக்கு நோய் வரும்வரை காத்திருக்க முப்பது ஆண்டு வேண்டும். பழ ஈயின் ஆயுள் இரண்டு மூன்று திங்கள்தான். முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். அதன் மூளையில் சுமார் 1,40,000 நரம்பணுக்கள் உண்டு. அவற்றுள் டோபமின் சுரப்பனவும் உண்டு.

1997-ல், சில குடும்பங்களில் இந்நோய் வரக் காரணமான ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தனர். ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதத்தின் மரபணு அது. லெவி கண்ட திரள்களில் நிறைந்திருப்பதும் அதே புரதம் என்று அதே ஆண்டில் தெரிந்தது. ஈக்கு இயற்கையில் அப்புரதம் கிடையாது. 2000-ல் ஃபீனி, பெண்டர் என்னும் இருவர் மனிதனின் அந்த மரபணுவை ஈக்குள் புகுத்தினர். ஈக்களின் டோபமின் அணுக்கள் அழிந்தன. குழாயைத் தட்டினால் விறுவிறுவென்று மேலே ஏறும் ஈக்கள், முதுமை வருமுன்னரே ஏறமாட்டாமல் அடியில் தங்கின. அதே ஆண்டில் வேறு இரு ஆய்வுக் குழுவினர் ஈயும் உறங்குகிறது என்று மெய்ப்பித்தனர். உறங்கும் ஈயை எழுப்புவது கடினம். ஓர் இரவு உறங்கவிடாமல் செய்தால் மறுநாள் கூடுதலாக உறங்கும். காபிச் சத்தைக் கொடுத்தால் விழித்திருக்கும். தேர்வுக் காலத்து விடுதி மாணவர்க்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

உறக்கத்தை அளப்பது எப்படி? சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் உணவு, மறுமுனையில் பஞ்சு, நடுவில் ஓர் ஈ. குழாயின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்று ஓடும். ஈ கடக்கும்போதெல்லாம் கணிப்பொறி ஒன்று என்று எண்ணும். ஐந்து நிமிடம் கடக்காவிட்டால் உறங்குகிறது என்று கொள்கிறோம். பன்னிரண்டு மணி விளக்கு, பன்னிரண்டு மணி இருட்டு. நலமான ஈயின் இரவு நீண்ட கோடாக வரும். நலம் கெட்டதன் இரவு கிழிந்த துணிபோல் துண்டு துண்டாக வரும்.

2011-ல் ஜெர்மனியின் கோட்டிங்கென் நகர ஆய்வாளர்கள் சைனூக்ளினின் திரிந்த வடிவங்களை ஈயின் குறிப்பிட்ட சில நரம்பணுக்களில் மட்டும் தோன்றச் செய்தார்கள். ஈக்களின் நடமாட்டம் குன்றுமுன்னரே உறக்கமும் நாளொழுங்கும் குலைந்தன. அணுக்கள் இறந்ததால் அன்று, அவற்றின் வேலை கெட்டதாலேயே இது நேர்ந்தது என்று அவர்கள் கருதினார்கள். 2018-ல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் வெர்ஸ்ட்ரீக்கென் குழுவினர் வேறு இரு மரபணுக்கள் கெட்ட ஈக்களை ஆராய்ந்தனர். உறக்கத்தை ஒழுங்குசெய்யும் அணுக்களில் ஒரு கொழுப்புப் பொருள் சரியாக இடம் சேரவில்லை என்று கண்டு, அப்பொருளை உணவில் கலந்து கொடுத்தனர். உறக்கம் சீரடைந்தது.

இதைக் கேட்டு மருந்து வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஈ மனிதன் அன்று. தான் கண்ட கனவு என்ன என்று அதைக் கேட்கவும் முடியாது. நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் இறந்த அணுவை எழுப்ப முடியாது. வேலை கெட்ட அணுவைத் திருத்த வழியுண்டு. உறக்கம் கெடும் காலம் அணுக்கள் முழுதும் அழியாத காலமானால், நாம் கதவைத் தட்டவேண்டிய நேரம் அதுவே. ஈக்குழாயின் முன் நான் கண்விழிப்பதன் பொருள் இவ்வளவுதான். ஊகத்தைச் சொல்லி ஆராய்ச்சியை வேண்டிக்கொண்ட அந்த ஹாக்ஸ்டன் மருத்துவரின் கோரிக்கை இன்னும் நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

ஆச்சிக்குச் சொன்னது

தாத்தா மறைந்தபோது எனக்கு இதொன்றும் தெரியாது. சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி இன்னும் அடுக்களையில்தான் படுக்கிறார். ஓர் இரவு பேச்சுவாக்கில், தாத்தாவுக்கு என்மேல் உள்ளுக்குள் என்ன கோபம் இருந்ததோ, விழித்திருக்கும்போது அடக்கி வைத்து உறக்கத்தில் காட்டினார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டு கூட வாழ்ந்த மனிதர்மேல் இருபது ஆண்டாக அந்த ஐயத்தைச் சுமந்திருக்கிறார்!

நான் அவருக்குப் பார்க்கின்சன் கதையைச் சொன்னேன். அதிர்ந்த சன்னல் சட்டங்களைச் சொன்னேன். கனவில் உடலைக் கட்டிப்போடும் கயிறு தாத்தாவுக்கு அவிழ்ந்திருக்கவேண்டும், அவர் அடித்தது கனவில் வந்த எவனையோ, உங்களை அன்று என்றேன். அது கோபம் அன்று, நோயின் முதல் அடி என்றேன். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். பார்த்தார் ஆச்சி, பார்த்து எழுதி வைத்தார் என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்க்கிறேன். அடுக்களை காலியாக இருந்தது. கூடத்தில் தாத்தாவின் கட்டிலுக்கு அருகே பாயை விரித்து ஆச்சி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, விடுமுறைக்கு நீங்களும் ஊருக்குப் போவீர்கள். வீட்டில் முதியவர் இருந்தால், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், எப்படி உறங்குகிறீர்கள் என்றும் கேளுங்கள். அருகில் படுப்பவரையும் கேளுங்கள். முகம் தெரியாத ஒரு பெரியவருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுதான்.